மே மாத வெயிலில் ஈதர்: ஆய்வக உதவியாளர் ஒருவரின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் துறை லேப் அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். மாணவர் ப்ராஜெக்ட்டுக்காக விதைகளிலிருந்து எண்ணெய் எடுக்க, சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து எண்ணெயைப் பிரித்தெடுக்கும் கண்ணாடிக் கருவி) டை எத்தில் ஈதர் ஓட்டுகிறோம். மார்ச் பிறந்ததிலிருந்து கண்டென்சரில் (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் குழாய்) தண்ணீர் நன்றாக ஓடியும் லேப் முழுக்க ஈதர் வாசம். காலையில் 200 மில்லி ஊற்றினால் மதியத்துக்குள் பாதிதான் மிஞ்சுகிறது. அலமாரியில் பழைய ஈதர் பாட்டில்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 2013-இல் வாங்கியது. பாதி இருக்கிறது, மூடி ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. இன்னொன்று போன வருடம் திறந்தது. இரண்டையும் வடித்து (கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து எடுத்து) மறுபடி பயன்படுத்தலாம் என்கிறார் துறைத் தலைவர். செய்யலாமா? ஈதரைத் துறையில் இருக்கும் ஃபிரிட்ஜில் வைத்தால் நல்லதா?

பதில்: முதலில் கேட்டிருக்க வேண்டியதை நடுவில் கேட்டிருக்கிறீர்கள். அந்த 2013 பாட்டிலிலிருந்தே தொடங்குகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

ஈதர் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து மெதுவாகப் பெராக்சைடு என்ற, வெடிக்கக்கூடிய பொருளாக மாறும். திறந்த பாட்டிலில், அதுவும் பாதி காலியாகிக் காற்று நிறைந்த பாட்டிலில், இது நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். பெராக்சைடு ஆவியாகாது. ஈதர் மட்டும் மூடி வழியாகக் கசிந்து போகப் போக, மிச்சத்தில் அதன் செறிவு ஏறும். மூடியின் மரையில் நனைந்த ஈதர் உலரும்போது அங்கேயே படிந்தும் நிற்கும். அந்த நிலையில் மூடியைத் திருகினால் ஏற்படும் உரசலே வெடிக்கப் போதும். மூடி ஓரத்து வெள்ளை வெறும் தூசியாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுரண்டிப் பார்த்துச் சொல்லவும் கூடாது.

ஆகவே: பாட்டிலை நகர்த்த வேண்டாம், குலுக்க வேண்டாம், தேதி பார்க்கத் திருப்பவும் வேண்டாம். அலமாரிக் கதவை அடித்துச் சாத்தாமல் மெதுவாக மூடுங்கள். அறையைப் பூட்டி, வாசலில் எழுதி ஒட்டுங்கள். பொருளின் பெயர், வாங்கிய ஆண்டு, தோராயமான அளவு, மூடியில் படிவு இருப்பது ஆகிய நான்கையும் எழுதி முதல்வரிடம் அன்றைக்கே கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது வாய்மொழியாகவே போய்விடும். பிறகு தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112. பெராக்சைடு படிந்த பழைய ஈதர் என்று தெளிவாகச் சொல்லி, காவல்துறையின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு தேவைப்படும் என்பதையும் சொல்லுங்கள். ஒரு பாட்டிலுக்கா இவ்வளவு அமர்க்களம் என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். இந்த ஒரு வேலையைத் துறைக்குள்ளேயே முடிக்க வழி கிடையாது.

போன வருடம் திறந்த பாட்டில் வேறு கதை. திறந்த தேதி தெரியும், மூடி ஓரம் சுத்தம், உள்ளே திரவம் தெளிவு, அடியில் படிகமோ எண்ணெய் மாதிரித் தனி அடுக்கோ இல்லை, அளவும் பெரிதாகக் குறையவில்லை. இவை அனைத்துக்கும் ‘ஆமாம்’ என்றால் மட்டும் சோதிக்கலாம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் முதல் பாட்டிலுக்குச் சொன்னதே அதற்கும்.

சோதனை எளிது. சோதனைக் குழாயில் 1 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம் எடுத்து, சுமார் 100 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு போடுங்கள். அதில் 1 மில்லி ஈதர் சேர்த்து லேசாக ஆட்டி, ஒரு நிமிடம் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பெராக்சைடு அயோடைடை அயோடினாக மாற்றுவதால் நிறம் வரும். பக்கத்தில் ஈதர் சேர்க்காத குழாய் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய அயோடைடு தானே மஞ்சளாகிக் கிடக்கும்; அதைப் பார்த்துவிட்டு ஈதரைக் குற்றம் சொல்வது நம் லேப்களில் சாதாரணம். நிறமே இல்லை என்றால் வடிக்கவும் சாக்ஸ்லெட்டுக்கும் பயன்படுத்தலாம். வெளிர் மஞ்சள் என்றால் சூடு காட்டவே கூடாது, சுத்தம் செய்யலாம். அடர் மஞ்சளோ பழுப்போ என்றால் அந்த பாட்டிலுக்கு இனி லேப்பில் வேலை இல்லை, அபாயக் கழிவாகத் தனியே போக வேண்டும். பெராக்சைடு சோதனைத் தாள்கள் கிடைத்தால் இன்னும் நல்லது, அவை அளவையே காட்டும். 25 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் இருந்தால் வடிக்காதீர்கள். 100 பிபிஎம்-ஐத் தாண்டினால் எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

வெளிர் மஞ்சளைச் சுத்தம் செய்ய இரும்பு உப்பு போதும். 110 மில்லி தண்ணீரில் 6 மில்லி அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தைச் சிறுகச் சிறுக ஊற்றி (அமிலம்தான் தண்ணீருக்குள் போக வேண்டும்), ஆறியதும் 60 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் படிகத்தைக் கரையுங்கள். கரைசல் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். நாலைந்து நாளில் பழுப்பாகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள், பழுப்பானதில் வேலை செய்யும் இரும்பு மிச்சம் இருக்காது. 500 மில்லி பிரிபுனலில் (மேலே அடைப்பானும் கீழே திறந்து மூடும் குழாயும் உள்ள புனல்) 250 மில்லி ஈதர், 5 மில்லி இரும்புக் கரைசல், 25 மில்லி தண்ணீர். அடைப்பானைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை கவிழ்த்ததும் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியே விடுங்கள். உள்ளங்கைச் சூட்டிலேயே ஈதர் அழுத்தம் கட்டும். முதல் மூன்று நான்கு முறை இதை விட்டுவிட்டால் அடைப்பான் எகிறும். புனல் தண்டின் வாய் ஃபியூம் ஹுட்டின் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு மேடை) உட்சுவரைப் பார்த்து இருக்கட்டும். பிறகு தண்ணீரில் ஒருமுறை கழுவி, நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, மீண்டும் அயோடைடு சோதனை. இவ்வளவு பாட்டுக்கு மிஞ்சுவது அரை பாட்டில்தான் என்றால், பேசாமல் அதைக் கழிவுக்கு அனுப்பிவிட்டு 500 மில்லி புதிதாக வாங்குவதே புத்திசாலித்தனம் என்பேன்.

துறைத் தலைவர் சொன்ன ‘வடித்து எடுக்கலாம்’ ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கியிருக்கும். வடிக்கும்போது ஈதர் மேலே போகும், பெராக்சைடு குடுவையிலேயே தங்கும். கடைசி சொட்டு வற்றும் நேரத்தில்தான் அது செறிந்து, சூடான கண்ணாடியில் ஒட்டி வெடிக்கும். சோதித்துத் தேறிய ஈதராக இருந்தாலும் பத்தில் ஒரு பங்கைக் குடுவையில் விட்டுவிட்டு நிறுத்துவதே வழக்கம். இன்னொன்று: கம்பெனி ஈதரில் பெராக்சைடைத் தடுக்க பிஎச்டி (BHT) என்ற பொருளைச் சில பிபிஎம் அளவில் கலந்திருப்பார்கள். அதுவும் ஆவியாகாமல் கீழே தங்கிவிடும். ஆக, வடித்தெடுத்த ஈதர் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் காவல் இல்லாதது. புதியதைவிட வேகமாகப் பெராக்சைடு கட்டும். அதைச் சேமித்து வைக்காதீர்கள். சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டு.

இனி உங்கள் லேப் வாசம். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. மே மாதத்தில் மதுரையில் பிற்பகல் வெப்பம் 38, 40 என்று போகும். மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியில் வெயிலில் கிடந்த தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் குழாய்க்கு வருகிறது. 37 டிகிரித் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் 34.6-இல் கொதிக்கும் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்காது. உங்கள் கண்டென்சர் வெறும் புகைபோக்கியாக நிற்கிறது; காணாமல் போன 100 மில்லி அதன் வழியாகத்தான் போனது. குழாய்த் தண்ணீரில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 20 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரில் ஈதர் ஓட்டாதீர்கள்.

அந்த 100 மில்லியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லி ஈதர் சுமார் 71 கிராம், ஒரு மோலுக்குச் சற்றே குறைவு. ஆவியானால் சுமார் 23 லிட்டர். காற்றில் 1.9 சதவீதம் சேர்ந்தாலே ஈதர் ஆவி தீப்பிடிக்கும். அப்படியென்றால் 23 லிட்டர் ஆவி 1,200 லிட்டர் காற்றை, அதாவது ஒரு கன மீட்டருக்கும் மேலான இடத்தை, பற்றும் நிலைக்குக் கொண்டுவரும். அது அறை முழுக்கச் சீராகப் பரவுவதில்லை என்பதுதான் மோசம். ஈதர் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தண்ணீர் மாதிரி மேசை விளிம்பில் வழிந்து, தரையில் இறங்கி, பள்ளம் பார்த்துப் போகும். கதவிடுக்கு வழியாக அடுத்த அறை வரை போய், அங்கே எரிகிற பர்னரைத் தொட்டு, போன வழியே தீயாகத் திரும்பி வரும். அதனால்தான் ‘இந்த மேசையில் பர்னர் இல்லை’ என்பது போதாது. ஈதர் ஓடும் நாளில் அந்த அறையிலும் ஒட்டிய அறையிலும் பர்னர், ஹாட் பிளேட், ஓவன் எதுவும் வேண்டாம். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துவிடுங்கள். உயரத்தில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் தரையில் தேங்கும் ஆவியை இழுக்காது, அதன் மோட்டார் பொறி தட்டவும் கூடும். அதை நம்பி ஃபியூம் ஹுட்டுக்கு வெளியே வைத்து ஓட்டுவது வேண்டாம். செல்போனைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஹாட் பிளேட்டைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. ஈதர் ஆவி சுமார் 160 டிகிரிச் சூட்டில் பொறியே இல்லாமல் தானாகப் பற்றும். ஹாட் பிளேட்டின் தட்டு அதைவிட இரு மடங்கு சுடும்.

இதே காரணத்தால் ஹீட்டிங் மேன்டிலும் (குடுவையைச் சுற்றிச் சூடேற்றும், கம்பிச் சுருள் வைத்த உறை) ஈதருக்குச் சரியில்லை. குடுவையில் மயிரிழை விரிசல் இருந்தால் ஈதர் நேரே கம்பிச் சுருள் மேல் ஊற்றும். வாட்டர் பாத் வையுங்கள். தண்ணீர் 45-லிருந்து 50 டிகிரி வரை போதும், அதற்குமேல் ஏற்றினால் கண்டென்சர் திணறும். கன்ட்ரோல் பெட்டி தனியாக உள்ள வகையென்றால் அது ஹுட்டுக்கு வெளியே இருக்கட்டும். கொதிகற்களை (பொங்காமல் சீராகக் கொதிக்கப் போடும் சிறு கற்கள்) குளிர்ந்த ஈதரிலேயே போட்டுவிடுங்கள். மறந்துவிட்டுச் சூடான ஈதரில் போட்டால் பொங்கி வெளியே வரும்.

குளிர்ச்சிக்கு: 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் தண்ணீர், அதில் ஏர்கூலரில் போடும் சிறிய நீர்மூழ்கி மோட்டார். கண்டென்சர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்குகிறதா என்று முதலில் பாருங்கள். கீழ் வாயில் உள்ளே, மேல் வாயில் வெளியே, திரும்ப டப்புக்கே. ஐஸ் எவ்வளவு? சாக்ஸ்லெட் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 150 மில்லி இறக்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஆவியைத் திரவமாக்க மட்டும் மணிக்கு முக்கால் கிலோ ஐஸ் உருகும். நம் வெயிலில் டப்பும் குழாயும் தின்பது அதைவிட அதிகம். ஆறு மணி நேர ஓட்டத்துக்கு 12 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். டப்பைத் தரையில் வைக்காமல் ஹுட்டுக்கு வெளியே ஸ்டூல் மேல் வையுங்கள், பிளக் சுவரில் உயரமாக இருக்கட்டும். நேர்க்குழாய் லீபிக் கண்டென்சர் போதாது. குமிழ் வகையோ சுருள் வகையோ வேண்டும். ரப்பர் குழாய் மாட்டிய இடங்களில் கிளிப்போ கம்பியோ போடுங்கள்.

ஐஸ் தண்ணீர் ஓட்டத் தொடங்கினால் புதிதாக ஒரு தொல்லை வரும். கண்டென்சர் வியர்க்கும். வெளியே வழியும் தண்ணீர் மூட்டு வழியாக இறங்கும். அங்கே பஞ்சையோ துணியையோ சுற்றித் தடுக்கலாம். உள்ளே, திறந்த மேல் வாய் வழியாக ஈரக்காற்று புகுந்து நீராகி ஈதரில் விழும், எண்ணெயின் எடை தப்பாகும். மேல் வாயில் கால்சியம் குளோரைடு நிரப்பிய காவல் குழாயை மாட்டுங்கள். கட்டியாகிப்போன பழைய குளோரைடு வேண்டாம், காற்று போய்வர வழி வேண்டும். வாசம் வருகிறது என்று யாராவது அந்த வாயைக் கார்க் வைத்து அடைத்துவிட்டால் மொத்தக் கருவியும் அழுத்தக் கலமாகிவிடும்.

கரண்ட் போனால் மோட்டாரும் நிற்கும், பாத்தும் நிற்கும், ஆனால் சூடான தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கும். உடனே பாத்தைக் கீழே இறக்குங்கள். இதற்காகவே பாத்தை லேப் ஜாக் (உயரத்தை ஏற்றி இறக்கும் தாங்கி) மேல் வைக்க வேண்டும். ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் காற்றடைத்துக்கொண்டு தண்ணீர் தூக்காமல் நிற்கலாம். தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பாத்தை ஏற்றுங்கள். ஆளில்லாமல் இரவு முழுக்க ஓட்டும் வழக்கம் ஈதருக்கு ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாக்ஸ்லெட் வேலையில் விபத்து பெரும்பாலும் காத்திருப்பது ஓட்டம் முடிந்த பிறகுதான். எண்ணெயை எடைபோட குடுவையை 105 டிகிரி ஓவனில் வைப்பீர்கள். ‘கொஞ்சம்தான் ஈதர் இருக்கிறது, ஓவனில் போய்விடும்’ என்று வைத்தால், மூடிய பெட்டிக்குள் ஆவி நிரம்பி ஓவன் கதவே பறக்கும். ஹுட்டுக்குள் வாட்டர் பாத்திலேயே ஈதர் முழுக்க ஆவியாகட்டும். குடுவையைச் சாய்த்து வையுங்கள், கனமான ஆவி வழிந்து வெளியேறும். அரை மணி நேரம் கழித்துத்தான் ஓவன். இங்கே குடுவை கட்டாயம் வற்றப்போகிறது என்பதால், பெராக்சைடு சோதனையில் நிறமே வராத ஈதரைத் தவிர வேறெதையும் சாக்ஸ்லெட்டில் ஊற்றாதீர்கள். திம்பிளில் (விதைத்தூள் வைக்கும் உறை) உள்ள சக்கையும் ஈதரில் ஊறிக் கிடக்கும். அதை ஓவனிலோ குப்பைக் கூடையிலோ போடாமல் ஒரு இரவு ஹுட்டில் காய விடுங்கள்.

ஃபிரிட்ஜ் கேள்விக்கு ஒரே பதில்: வீட்டு வகை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. ஈதரின் தீப்பற்றுநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை, மைனஸ் 45 டிகிரி. ஃபிரிட்ஜ் என்ன, மைனஸ் 20 ஃப்ரீசரிலும் அது பற்றும் ஆவியை விட்டுக்கொண்டுதான் இருக்கும். 200 லிட்டர் ஃபிரிட்ஜின் உள்வெளியைப் பற்றும் அளவுக்குக் கொண்டுவர 16, 17 மில்லி கசிந்தாலே போதும், ஒரு மேசைக்கரண்டி அளவு. உள்ளே தெர்மோஸ்டாட், விளக்கு ஸ்விட்ச் என்று பொறிக்குப் பஞ்சமில்லை. கம்ப்ரசர் தானாக ஓடத் தொடங்கும் நேரம் போதும், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குளிர் பெராக்சைடையும் நிறுத்திவிடாது. உட்புறம் பொறி வராதபடி செய்த லேப் ஃபிரிட்ஜ் உண்டு. அது இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் வெயில் படாத, கட்டடத்திலேயே குளுமையான அறையில், இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டு. நைட்ரிக் அமிலம், பெர்மாங்கனேட் எதுவும் அதே அலமாரியில் இருக்கக் கூடாது. வெயில் காலத்தில் புது பாட்டிலை அப்படியே திறக்காதீர்கள், மூடி தளர்ந்ததும் சீறும். அரை மணி நேரம் ஐஸ் தண்ணீரில் நிறுத்திவிட்டு ஹுட்டில் திறங்கள். 2.5 லிட்டர் மலிவாகக் கிடைக்கும் என்று வாங்காமல் 500 மில்லியாக வாங்குங்கள். வந்த தேதி, திறந்த தேதி, கடைசியாகச் சோதித்த தேதி மூன்றும் லேபிளில் மார்க்கரில் இருக்கட்டும். திறந்து ஆறு மாதம் ஆனால் தீர்த்துவிட வேண்டும். அலமாரியில் டெட்ரா ஹைட்ரோ ஃபியூரான், டையாக்சேன் இருந்தால் இதே கவனம் அவற்றுக்கும். ஐசோ புரோப்பைல் ஈதர் இருந்தால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும், அதற்கு மூன்று மாதம்தான் கெடு. பழையது கண்ணில் பட்டால் 2013 பாட்டிலுக்குச் சொன்னதே அதற்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி உங்கள் துறைத் தலைவருக்கு: விதை எண்ணெய் எடுக்க டை எத்தில் ஈதர் எதற்கு? பெட்ரோலியம் ஈதர் 60–80 அந்த வேலையை நன்றாகவே செய்யும். பெயரில் ஈதர் இருந்தாலும் அது ஹைட்ரோகார்பன் கலவை, பெராக்சைடு கட்டாது. 60 டிகிரிக்கு மேல் கொதிப்பதால் வெயில் காலத்திலும் கண்டென்சரில் பிடிபடும். அதுவும் எளிதில் பற்றக்கூடியதுதான். பர்னர், ஓவன், ஹுட் பற்றிச் சொன்ன எதுவும் தளராது. அதில் ஹெக்சேன் இருப்பதால் நாள் கணக்கில் முகர்ந்தால் நரம்புக்குக் கேடு. ஆனாலும் மார்ச் முதல் ஜூன் வரை ஈதருக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்வது, உங்கள் பிரச்சினையில் பாதியை ஐஸ் வாங்காமலே தீர்க்கும். ஈதர்தான் வேண்டும் என்று செய்முறையில் இருந்தால் அந்த ப்ராஜெக்ட்டை டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

ஈதர் கொட்டினால்: எல்லோரும் வெளியே, கேஸ் வால்வை மூடுங்கள், அறைக்குள் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், மின்சாரத்தை அறைக்கு வெளியே மெயினில் துண்டியுங்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். சிறு அளவென்றால் சில நிமிடத்தில் தானே ஆவியாகிவிடும். சிங்க்கில் கழுவி விடாதீர்கள், ஆவி சாக்கடைக் குழாய் வழியே அடுத்த லேப்பின் சிங்க்கில் எழும். பீக்கருக்குள் பற்றினால் பெரிய வாட்ச் கிளாஸால் (குழிந்த கண்ணாடித் தட்டு) மூடினாலே அணையும். மேசையில் பற்றினால் உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பான். தண்ணீர் ஊற்றினால் ஈதர் அதன் மேல் மிதந்து எரிந்தபடியே பரவும். அணைப்பான் ஹுட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால் தீப்பிடிக்கும்போது கைக்கு எட்டாது. வாசல் நிலையருகே மாற்றி மாட்டுங்கள்.